முத்திரைக்குப் பக்கத்தில் ஆறு கோடுகள்

1

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் எதையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. ஷார்ஜாவில் ஏசி காற்று போகும் தகரக் குழாய்கள் செய்யும் பட்டறையில் தகரம் வெட்டுகிறேன். இளவயதில் அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றில் கத்தரி பிடித்த நாள் முதல், இன்னொருவர் போட்ட அளவில் நான் வெட்டியது கிடையாது. என் டேப்பை வைத்து மறுபடி அளந்த பிறகுதான் கத்தரி. பட்டறையில் இது நல்ல பழக்கம். வீட்டுக்குள் அது என்ன செய்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மதியம் என் மகள் யாழினி வீடியோவில் வந்தாள். பத்து வயது. ஸ்ரீரங்கத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் படிப்பை நிறுத்திய வகுப்பு அது. அவளாக என்னைக் கூப்பிடுவது இப்போது குறைந்துவிட்டது. அவள் அம்மா கலா போனை நீட்டினால் "ஹாய்ப்பா, சாப்டீங்களா, ஓகேப்பா, பை" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அவளாகக் கூப்பிட்டால் ஏதோ வேண்டும் என்று பொருள்.

"அப்பா, உங்க பழைய பாஸ்போர்ட் இருக்குல்ல?"

"இருக்கு. எதுக்கு?"

"ஸ்கூல் ப்ராஜெக்ட். குடும்பத்துல யாரு எந்த ஊருக்குப் போனாங்க, எப்ப வந்தாங்கன்னு சார்ட் போடணும். சீல் குத்தின பக்கத்தையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்க. ஒண்ணு கூட விடக் கூடாது."

"ஒண்ணு கூட விடக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

போனை வைத்ததும் என் மனம் அதன் வேலையைத் தொடங்கியது. டீச்சர் சொல்லவில்லை என்றால் இவளுக்கு ஏன் எல்லாப் பக்கமும் வேண்டும்? கலா கேட்கச் சொன்னாளா? பத்து வருஷம் கழித்து எதற்கு?

புதுசு கொடுத்தபோது பழைய பாஸ்போர்ட்டை ஓரம் வெட்டித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்தேன். பதினொன்றாம் பக்கத்தைத் தேட வேண்டியதில்லை, அதுவாகத் திறந்துகொள்ளும். திருச்சி விமான நிலையத்தில் நான் புறப்பட்ட நாளின் முத்திரை. பிப்ரவரி இருபத்தாறு. முத்திரையைச் சுற்றிக் கறுப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஆறு கோடுகள். கடைசியில் ஒரு கேள்விக்குறி.

எல்லாம் நான் போட்டவைதான். தகரத்தில் குறி போடுகிற பேனா. அந்த மை தண்ணீருக்கு அசையாது. தின்னர் தொட்டுத் துடைத்தால் தாளே போய்விடும். ஒருமுறை திருச்சியில் கவுண்டர் அதிகாரி அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாருங்க இதுல கிறுக்குனது?"

"புள்ளைங்க சார். விவரம் தெரியாம கிறுக்கிருச்சு."

அந்தக் கோடுகளைப் போட்டபோது என் பிள்ளை பிறந்திருக்கவில்லை. அவள் என் பிள்ளைதானா என்று எண்ணிப் பார்ப்பதற்காகத்தான் நான் அவற்றைப் போட்டேன்.

2

நாங்கள் கொஞ்சம் தாமதமாகக் கல்யாணம் செய்தவர்கள். கலாவுக்கு லால்குடி பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடிப் போர்ஷன் எடுத்து அவளை வைத்துவிட்டு நான் விமானம் ஏறினேன். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதமே கலைந்தது. அப்போது நான் இங்கே இருந்தேன். ஏன் கலைந்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போனில்கூட இதையெல்லாம் கேட்கிற ஆள் இல்லை நான்.

அதற்கு அடுத்த லீவு நாற்பத்தைந்து நாள். பொங்கலுக்கு வந்து பிப்ரவரி இருபத்தாறில் திரும்பினேன். மே மாதம் ஒரு மாலை கலாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஆஸ்பத்திரி அட்டையின் படம் வந்தது. பின்னாலேயே அவள் குரல்.

"ஏங்க, நல்ல சேதி. இந்தத் தடவை யாருக்கும் சொல்லாதீங்க. அக்காவுக்குக் கூட."

அட்டை முழுக்க ஆங்கிலம். எண்களை என்னால் படிக்க முடியும், எழுத்துகளை முடியாது. என் அறையில் அப்போது பாலக்கரை சாகுல் பாய் இருந்தார். எங்களில் அதிகம் படித்தவர் அவர்தான். கையெழுத்து, மனு, பேங்க் பாரம் எல்லாம் அவரிடம்தான் போகும். படத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! டெலிவரி ஜனவரி மொத வாரம்னு போட்டிருக்கு தம்பி. இப்பவே லீவு எழுதிக் குடுத்துருவோம். ஜனவரிக்கு அம்பது பேரு கேப்பானுங்க. முந்துனவனுக்குத்தான் கெடைக்கும்."

கம்பெனி லீவு பாரத்தை எடுத்து உட்கார்ந்தார். அதில் ஒரு கட்டம், கடைசியாக லீவிலிருந்து திரும்பிய தேதி. அதன் கீழே இன்னொரு கட்டம், லீவு கேட்கும் காரணமும் தேதியும்.

"நீ எப்ப திரும்பி வந்தே?"

"பிப்ரவரி இருபத்தாறு பாய்."

எழுதினார். கீழ்க் கட்டத்துக்கு வந்தார். மனைவி பிரசவம், ஜனவரி. எழுதி முடித்துப் பேனா நின்றது. மேல் கட்டத்தைப் பார்த்தார். அட்டையின் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். பாரத்தை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிவிட்டு, வெந்நீர் வைக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனார்.

அவர் பேசியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பேசாமல் போனதுதான் என்னை எண்ண வைத்தது.

அட்டையில் இன்னொரு தேதி இருந்தது. மார்ச் முப்பது. அது என்ன என்று அவரிடம் கேட்டேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடைசியா தூரமான நாளு. அதுலேருந்துதான் எண்ணுவாங்க. புள்ள தரிக்கிறது அதுக்கும் ரெண்டு வாரம் கழிச்சு."

பாஸ்போர்ட் தலையணைக்குக் கீழே இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அளந்தேன். நான் புறப்பட்ட நாளிலிருந்து மார்ச் முப்பது வரை நான்கு வாரத்துக்கு மேல். அதன் மேல் இரண்டு வாரம். வாரத்துக்கு ஒரு கோடு. கலாவின் வயிற்றில் பிள்ளை தரித்த நாளில் நான் ஆறு வாரமாக ஷார்ஜாவில் இருக்கிறேன். தகரத்தில் அரை அங்குலம் தவறினால் வேறு வழி இருக்கும். ஆறு வாரத்துக்கு என்ன வழி?

3

பதினாறு நாள் நான் அவள் போனை எடுக்கவில்லை.

எடுக்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. மறுநாள் காலை ஒரே ஒருமுறை எடுத்தேன். நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"நான் கெளம்புனதுக்கு அப்புறம் தூரமானியா?"

"ஆமாங்க. ரெண்டு தடவை. மார்ச் ஒண்ணாம் தேதி வாக்குல ஒண்ணு, மாசக் கடைசில ஒண்ணு. ரெண்டும் கொஞ்சமாத்தான் போச்சு. ஏங்க?"

"சும்மாதான்."

அதோடு வைத்துவிட்டேன். அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். மறைக்க ஏதாவது இருக்கிறவள் இப்படிப் பட்டென்று சொல்லியிருக்க மாட்டாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சந்தேகம் வந்தவனுக்கு உண்மையும் வாக்குமூலமாகத்தான் கேட்கும்.

அதற்குப் பிறகு குரல் பதிவுகள் வந்தன. நான் மெதுவாகப் படிப்பவன் என்பதால் கலா எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்டேன். அவள் சொல்வதைக் கேட்பதற்கு அல்ல. அவள் குரலுக்குப் பின்னால் என்ன சத்தம் இருக்கிறது என்று கேட்பதற்கு. ஒன்றில் ஆண் குரல் கேட்டது. நான்காம் முறை வைத்தபோதுதான் அது டிவியில் செய்தி வாசிக்கிறவர் என்று தெரிந்தது. அப்படியும் நிம்மதி வரவில்லை. எதற்கு இவ்வளவு சத்தமாக டிவி வைத்திருக்கிறாள் என்று அடுத்த கேள்வி வந்தது.

அரியமங்கலத்தில் இருக்கும் என் அக்காவைக் கூப்பிட்டேன். எதையும் சொல்லவில்லை. கலா எப்படி இருக்கிறாள், போய்ப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். அக்காவுக்கு அது போதும்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. கண்ணால பாக்காததச் சொல்லக் கூடாது."

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னேன். உன் பொண்டாட்டி ஸ்கூட்டர்ல பின்னாடி ஒக்காந்து போறா. ஓட்டுன ஆளு ஹெல்மெட்டு போட்டிருந்துச்சு. மூஞ்சி தெரியல. தெரியாததச் சொல்லி எனக்கு எதுக்குப் பாவம்?"

ஹெல்மெட் போட்ட ஆள் அன்றிலிருந்து என் கூடவே இருந்தான். தகரம் வெட்டும்போது எதிரில் நிற்பான். அந்த வாரம் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பீஸை ஒரு முழ நீளம் குறைத்து வெட்டினேன். ஃபோர்மேன் திட்டவில்லை. என் டேப்பை வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, டேப் சரியாகத்தானே இருக்கிறது என்றார்.

4

பதினேழாம் நாள் கலாவின் எண்ணிலிருந்து அழைப்பு. எடுக்காமல் விட்டேன். உடனே சாகுல் பாயின் போன் அடித்தது. அவர் எண் கலாவிடம் உண்டு. பேசிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டு என் முன்னால் வைத்தார். "டாக்டரம்மா பேசுறாங்க. நீ கேளு" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. டாக்டர் நிதானமாகப் பேசினார்.

"சார், உங்க மனைவி எட்டு வாரம்னு வந்தாங்க. ஸ்கேன்ல குழந்தை பதினாறு வாரத்துக்கு மேல வளர்ந்திருக்கு. எங்களுக்கே முதல்ல குழப்பமா இருந்துச்சு. அப்புறம்தான் கர்ப்பப்பையப் பாத்தோம். சில பெண்களுக்குப் பிறவியிலேயே கர்ப்பப்பை ஒண்ணா சேராம மேல ரெண்டா பிரிஞ்சிருக்கும். மாட்டுத் தலையில ரெண்டு கொம்பு இருக்குல்ல, அந்த மாதிரி. இவங்களுக்கு அப்படித்தான். குழந்தை வலது கொம்புல இருக்கு."

சாகுல் பாய்தான் கேட்டார்.

"அப்ப மாசா மாசம் வந்தது என்னங்கம்மா?"

"இடது கொம்பு காலியா இருக்கு. கர்ப்பம் ஆரம்பிச்ச மாசங்கள்ல அந்தப் பக்கத்துலேருந்து ரத்தம் வந்திருக்கு. அதைத்தான் மாதவிடாய்னு நெனச்சு தேதி குடுத்திருக்காங்க. அவங்க சொன்னதுல பொய் இல்ல. உடம்புதான் அப்படி இருக்கு. இனிமே கவனமா இருக்கணும். உள்ள இடம் குறைவு. குழந்தை முன்னாடியே பிறக்கலாம், தலை கீழ திரும்பாமப் போகலாம். பயப்பட வேண்டாம், அடிக்கடி வந்து காட்டணும்."

கலா படத்தை அனுப்பினாள். டாக்டர் ஒரு துண்டுச் சீட்டின் பின்புறம் பேனாவால் வரைந்தது. மாட்டுத் தலை. வலது கொம்புக்குள் சின்னதாக ஒரு பிள்ளை. கூடவே அவள் குரல். "அழாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்." நான் அழவில்லை. அவள் ஏன் அப்படி நினைத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

அன்று மாலையே அவளிடம் பேசினேன். போன் ரிப்பேர் என்று சொன்னேன். "சரிங்க" என்றாள்.

இதோடு என் சந்தேகம் தீர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். தீரவில்லை. அது இடம் மாறியது. அவளை விட்டுவிட்டு அந்த ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெண்ணுக்கு இரண்டு கொம்பு வைத்த கர்ப்பப்பை என்று இத்தனை வருஷத்தில் யார் சொல்லியும் கேட்டதில்லையே. பதினாறு வாரம் பின்னால் எண்ணினால் நான் லீவில் இருந்த பிப்ரவரி, எனக்கு வேண்டிய கணக்குக்குச் சரியாக வந்து நிற்கிறதே. அக்காவிடம் சொன்னபோது சிரித்தாள்.

"ரெண்டு கொம்பா? நல்லா எழுதிக் குடுக்குறாங்க போ. கேட்டுக்கிட்டு இருக்குறவனுக்கும் கொம்பு மொளைக்கும்."

சாகுல் பாய் மட்டும் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "தப்புப் பண்ணவளா இருந்தா அட்டை எழுதுன நர்ஸுகிட்ட ஒரு பிப்ரவரி தேதியச் சொல்லிட்டுப் போயிருப்பா தம்பி. உள்ளதச் சொன்னதுனாலதான் மாட்டிக்கிட்டா."

நான் எதையும் அவரிடம் சொன்னதில்லை.

5

செப்டம்பர் கடைசியில் கலாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வலி வருகிறது, பிள்ளையின் தலை மேலேயே இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டிவரும் என்று போன். நான் ஆபீஸுக்கு ஓடினேன்.

லீவு பார்க்கிறவர் ஹிந்திக்காரர். என் ஃபைலை எடுத்தார். மே மாதம் சாகுல் பாய் எழுதிய பாரம் முதல் தாளாக இருந்தது. விரலை வைத்துக் காட்டினார்.

"பிரசவம் ஜனவரி. இப்போது செப்டம்பர். டிசம்பரில் வா."

எனக்குத் தெரிந்த ஹிந்தி, தகரம் பற்றிய ஹிந்தி. மேலே தூக்கு, கீழே வை, இன்னும் கொஞ்சம் வெட்டு. மற்றது கேட்டால் புரியும், பேசத் தெரியாது. போனில் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினேன். படித்தார். மறுபடி பாரத்தைப் பார்த்தார்.

"அப்போது ஜனவரி என்றாய். இதில் நவம்பர் என்கிறது. நீ இப்போதே போக வேண்டும் என்கிறாய். இதில் எது பொய்?"

என் பின்னால் வரிசையில் ஐந்தாறு பேர். பெண்ணின் உடம்பைப் பற்றி நான் என் மனைவியிடம்கூட வாய்விட்டுப் பேசியதில்லை. வரும் வழியில் சாகுல் பாயிடம் ஒரு வார்த்தை கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். கர்ப்பப்பைக்கு ஹிந்தியில் பச்சேதானி. இரண்டு விரலைக் காட்டி "தோ பச்சேதானி" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். லீவு பாரத்தின் மேல் பேனா நின்றபோது சாகுல் பாயிடம் பார்த்தேன். பிறகு நான்கு மாதம் முகம் கழுவும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்தேன். இவன் பொய் சொல்கிறான், இல்லையென்றால் இவனிடம் யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள் என்கிற பார்வை.

சட்டைப் பையில் குறி போடும் பேனா இருந்தது. மேசையில் கிடந்த ஒரு தாளின் பின்புறம் மாட்டுத் தலை வரைந்தேன். இரண்டு கொம்பு. வலது கொம்பில் பிள்ளை. இடது கொம்பிலிருந்து மூன்று சொட்டு. சொட்டுகளைத் தொட்டு, பாரத்தில் இருந்த ஜனவரியைத் தொட்டு, தெரிந்த எல்லா மொழியையும் கலந்து சொன்னேன். இந்த ரத்தத்தால்தான் இந்தத் தேதி. தேதி தப்பு. அவள் பொய் சொல்லவில்லை.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெண்டாட்டி சொல்வதையெல்லாம் நம்புகிறாயா?"

"நம்புறேன்" என்றேன். தமிழில்தான் வந்தது. சொல்லும்போது அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லை அவளிடம் சொல்வதற்கு முன்பே, அறிமுகமில்லாத ஒருவரிடம், லீவுக்காகச் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கொடுத்தார். பிறப்புச் சான்றிதழின் நகலோடு திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

6

திருச்சியில் இறங்கும்போது குழந்தை பிறந்து அரை நாள் ஆகியிருந்தது. தில்லைநகர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. ஆட்டோவை விட்டு இறங்கினால் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. ஓட்டிய ஆள் ஹெல்மெட் போட்டிருக்கிறார். என் கால் நின்றுவிட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றினார். கீழ் வீட்டு மாமி. அறுபது வயது, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். கையில் ஃப்ளாஸ்க்.

"வந்துட்டேளா! பொண் கொழந்தை. பெருமாள் கிருபை, ரெண்டு பேரும் க்ஷேமம். ஏன் பேய் அறஞ்சாப்ல நிக்கறேள்? நான் வண்டி ஓட்டி நீங்க பாத்ததில்லையோ? இந்த நாலஞ்சு மாசமா உங்காத்துக்காரிய செக்கப்புக்கு அழைச்சிண்டு போறது யாருன்னு நெனச்சேள்?"

ஃப்ளாஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

குழந்தையைச் சூடு படும் தொட்டிலில் வைத்திருந்தார்கள். நர்ஸ் கண்ணாடி வழியாகக் காட்டினார்.

"ரெண்டு கிலோ எரநூறு சார். நல்லா அழுதுச்சு. காலு முன்னாடி வந்துச்சு, அதான் ஆபரேஷன்."

நான் மார்ச் முப்பதிலிருந்து மனதுக்குள் எண்ணினேன். ஆறே மாதம். வாய் தானாகக் கேட்டது.

"ஆறு மாசத்துப் புள்ள இவ்வளவு எடை இருக்குமாங்க?"

"ஆறு மாசமா? யாரு சொன்னா? ஆறு மாசம்னா உள்ளங்கைக்குள்ள அடங்கும் சார். இது முப்பத்தஞ்சு வாரம். நகத்தப் பாருங்க, விரல் நுனி வரைக்கும் வந்திருக்கு."

பார்த்தேன். வந்திருந்தது. இரண்டு கிலோ இருநூறு என்பதற்கு வேறு விளக்கம் கிடையாது. எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்து வருகிற எடை இல்லை அது. கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதேன். மாமியும் நர்ஸும் மகளைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள். இல்லை. என் கணக்கு நேரானதற்கான அழுகை அது. குழந்தை மூச்சு விடுகிறதா, கலா கண் விழித்தாளா என்று நான் கேட்டது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் வெளியே வந்து, வயிற்றைத் திறந்தபோது இரண்டு கொம்பையும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். முதல் குழந்தை கலைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றார். தலையாட்டினேன். அந்த முதல் முறை நான் அக்காவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. கலா படி ஏறி இறங்கியதால்தான் கலைந்தது என்று.

மாலையில் கலா பேசினாள். குரல் மெலிந்திருந்தது.

"எட்டு வாரம்னு போனேன். பதினாறுன்னாங்க. எனக்குத்தான் தெரியுமே, ரெண்டு தடவை தூரமானேன். அப்ப உள்ள இருக்குறது புள்ளையா, கட்டியா? என் வயித்தையே நம்பாம ஒக்காந்திருந்தேன். உங்ககிட்ட கேக்கலாம்னா போன் ரிப்பேருன்னுட்டீங்க."

"ஆமா. ரிப்பேர்தான்."

"சரிங்க."

நான் திரும்புவதற்குள் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று என் பாஸ்போர்ட்டை நகல் எடுக்க மாமியிடம் கொடுத்தனுப்பினாள். மாமி கவரில் போட்டுக் கொண்டுவந்து அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். கிளம்பும் நாளில் கலா அதை என் கையில் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

7

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து யாழினிக்கு அனுப்பினேன். பதினொன்றாம் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"அப்பா, பத்து இருக்கு, பன்னெண்டு இருக்கு. பதினொண்ணு எங்க?"

"அது வெறும் பக்கம்மா."

"வெறும் பக்கம்னாலும் அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்."

அடுத்தவர் சொன்னதை நம்பாமல் தானே எண்ணிப் பார்க்கிறாள். இது யாருடைய குணம் என்று எனக்குத் தெரியும். ஆறு கோடு போட்டு நான் தேடிய அத்தாட்சி இதைவிட என்ன வேண்டும்?

அனுப்பினேன். திரையில் அவள் முகம் தெரிந்தது. பின்னால் சமையலறைக் கதவு திறந்திருந்தது. கலா உள்ளே இருந்தாள்.

"என்னப்பா இது, சீல் மேல வட்டம் போட்டிருக்கீங்க? இந்தக் கோடெல்லாம் என்ன?"

"நீ வயித்துல இருந்தப்ப வாரத்த எண்ணுனேன்."

"ஆறுதான் இருக்கு. நான் ஆறு வாரமா இருந்தேன்?"

"அப்புறம் எண்ணுறத விட்டுட்டேன்மா."

"சரி. இந்தக் கேள்விக்குறி எதுக்கு?"

எனக்குப் பொய் வரவில்லை. அதிகாரி கேட்டபோது வந்தது, கலா கேட்டபோது வந்தது, இவளிடம் வரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சமையலறைக்குள்ளிருந்து கலாவின் குரல் வந்தது.

"பையனா பொண்ணான்னு கேள்வி போட்டிருக்காருடி. வேறென்ன?"

யாழினி சிரித்தாள். "பொண்ணுப்பா! ஆன்சர் நான்தான்" என்றாள். ஓகேப்பா, பை. போன் அணைந்தது.

படம் யாழினியின் கையில் இருந்தது. கலா அதைப் பார்க்க வெளியே வரவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு.

"அந்தப் பக்கத்த நான் ஆஸ்பத்திரிலயே பாத்துட்டேன். கோட்டையும் எண்ணிட்டேன். எதுக்குன்னு எண்ணும்போதே தெரிஞ்சிருச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு பத்து வருஷமா இருக்கேன். இன்னிக்கு நான் சொன்ன பொய் அவளுக்காக, உங்களுக்காக இல்ல. அவளுக்கு விவரம் வந்ததும் நீங்கதான் அவகிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லுங்க."

அதனால்தான் இதை எழுதத் தொடங்கினேன். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்த்தால் வருமா என்று. எழுதி முடித்துவிட்டேன். அடுத்த மாதம் லீவு. இந்தத் தாள்களைக் கலாவிடம்தான் முதலில் கொடுக்கப் போகிறேன். அவள் படித்து, வெளியே போகலாம் என்றால்தான் இது உங்கள் கைக்கு வரும்.

அவள் குரலைப் பழைய வழக்கம்போல மூன்று முறை கேட்டேன். கோபமா, மன்னிப்பா, சலிப்பா என்று பின்னால் தேடினேன். குக்கர் விசில் சத்தம் மட்டும்தான் கேட்டது.